பதின்மூன்றாவது ஆள்

"கையைத் தூக்கு மச்சான்." ட்ரெவ் ஈர ஜெர்ஸியை லெஸ்ஸின் தலை வழியே இழுத்துவிட்டான். தோளில் மாட்டிக்கொண்டது. வெளியே நடுவர் இரண்டாம் முறை ஊதினார்.

"ஒரு வருஷத்துல தொப்பை போட்டுட்டியே."

"உங்க அக்கா சமையல்."

"பொய் சொல்லாத. நான் அதத் தின்னு வளந்தவன்."

லெஸ் ஆட வந்தவனில்லை. வேலியோரம் நின்று மைத்துனனின் ரக்பி ஆட்டத்தைப் பார்க்க வந்தவன். அவன் பழைய கிளப்பின் மூன்றாம் அணியில் ஒருவனின் மோட்டார் சைக்கிள் பாலத்தில் நின்றுவிட்டது. பதின்மூன்று பேர் வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். ட்ரெவ் வேலிவரை ஓடிவந்து லெஸ்ஸின் பேரைச் சொல்லிக் கத்தினான். லெஸ் கையிலிருந்த இறைச்சிப் பையைப் பக்கத்தில் நின்ற என்னிடம் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது.

சிட்னியில் அப்போது ஒரு கிளப்பில் கையெழுத்திட்டால் அதோடு சரி. ஒப்பந்தம் முடிந்தாலும் அவர்கள் பட்டியலில் பேர் இருக்கும்வரை வேறெங்கும் ஆட முடியாது. லெஸ் ஹானிகன் பத்தொன்பது வயதில் கையெழுத்திட்டவன். முப்பதாவது வயதில் தூரத்து நாட்டுப்புற ஊர் ஒன்று, வீடும் வேலையும் தந்து, அணித்தலைவனாகக் கூப்பிட்டது. கிளப் செயலாளர் கில்கிரைஸ்ட் சிரித்தார்.

"தாராளமாப் போ. ஆனா அங்க ஆட முடியாது."

வக்கீல் லவெல் வழி சொன்னார். ஒரு பருவம் முழுக்க வெளியே உட்கார வேண்டும். இவர்கள் பிடியால் பிழைப்பு போனதென்று அப்போதுதான் நீதிமன்றத்தில் காட்ட முடியும். அதுவரை அவர்கள் ஜெர்ஸியைத் தொடக் கூடாது.

இருபத்தோரு சனிக்கிழமைகள் அவன் உட்கார்ந்திருந்தான். கம்பளிக் கிடங்கில் என்னோடு மூட்டை தள்ளுகிறவன், வெள்ளிக்கிழமைகளில் பேச மாட்டான். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூரையேறித் தகரக் கால்வாயைச் சுத்தம் செய்வான். இனிச் சுரண்டினால் ஓட்டை விழும் என்று அவன் மனைவி மேவிஸ் கத்துவாள்.

மிச்சமிருந்தது இந்த ஒரு சனிக்கிழமைதான்.

ஆட்டத்தில் தோற்றார்கள். கொட்டகையில் கில்கிரைஸ்ட் ஆட்டக்காரர் தாளில் லெஸ்ஸின் பேரைத் தானே அழகாக எழுதினார். கை கொடுத்தார்.

"வீட்டுக்கு வந்துட்ட, லெஸ்."

திங்கட்கிழமை வக்கீல் அலுவலகத்துக்கு நானும் போனேன்.

"மூணாவது அணிதான் சார்," என்றான் லெஸ்.

"ஜெர்ஸி யாரோடது?"

"ஒரு ஆள் குறைஞ்சுது."

"குறையட்டும்னு விட்டிருக்கணும்."

"எப்படி சார் விடறது? பேரச் சொல்லிக் கூப்டாங்க."

லவெல் வழக்குக் கோப்பைக் கட்டி ஓரமாக வைத்தார். பிறகு வேறு கிளப்பிலிருந்து வேறு ஆளைக் கண்டுபிடித்தார். அவன் ஒழுங்காக உட்கார்ந்திருந்தான். லெஸ் கில்கிரைஸ்டிடமே திரும்பிப் போனான். அடுத்த குளிர்காலத்தில் அவன் வலது முழங்கால் போயிற்று. அதற்குள் அந்த ஊர்க்காரர்கள் வேறொரு தலைவனைப் பிடித்துவிட்டார்கள்.

அதற்கும் ஒரு வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனின் பிழைப்பைக் கிளப் கட்டிவைக்க முடியாது. அந்த வேறு ஆளின் பேரில் வழக்கு. மற்ற மாநிலங்களிலும், மற்ற ஆட்டங்களிலும், எங்கள் மாநிலத்துத் தீர்ப்பைத்தான் இனி எடுத்துக்காட்டுவார்கள் என்று லவெல் வானொலியில் சொன்னார். கிடங்கில் எல்லோரும் லெஸ்ஸைப் பார்த்தோம்.

"நல்லது," என்றான்.

சாயங்காலம் ட்ரெவ் பீர் புட்டிகளோடு அவன் வீட்டுக்கு வந்தான். நானும் இருந்தேன்.

"மச்சான், இனி நீ எங்க வேணாலும் ஆடலாம்!"

லெஸ் காலை நாற்காலிமேல் நீட்டியிருந்தான்.

"கதவச் சாத்து. குளுருது."

மறுநாள் புதன்கிழமை. மழை. கப்பலுக்கு முந்நூறு மூட்டை போக வேண்டியிருந்தது. லெஸ் படியேற முடியாததால் கீழ்த்தளத்தில் எடை பார்த்தான். மதியம் ஆட்டிறைச்சி வைத்த ரொட்டி கொண்டுவந்திருந்தான், பாதியைச் சாப்பிட்டான். அவன் வீடு திரும்புமுன் கில்கிரைஸ்டின் ஆள் ஒரு உறையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பட்டியலிலிருந்து பேர் நீக்கப்பட்டது என்று இரண்டு வரி. மேவிஸ் அதை வெண்ணெய்க் கிண்ணத்தின் அடியில் வைத்திருந்தாள். ஆறு மணிக்குச் சாப்பிட்டார்கள்.