மூன்று இலைத் தாள்கள்

கெஃப் ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மப்ரூக்கா இருபத்து நான்கு வருடமாகக் கணக்கு நடத்துகிறாள். அதே பிள்ளைகளுக்கு நான் அரபி எடுக்கிறேன். போன வருடம்வரை அவள் குழம்பி நான் பார்த்ததில்லை.

எல்லாருக்கும் ஒரே பயிற்சித்தாள் கொடுக்காதீர்கள், அவரவர் திறமைக்கு ஏற்பக் கொடுங்கள் என்று ஒரு பயிற்சிமுகாமில் சொல்லியனுப்பினார்கள். மப்ரூக்கா அதை மனதார ஏற்றுக்கொண்டாள். தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து எட்டாம் வகுப்பை மூன்றாகப் பிரித்தாள். எண் போட்டால் பிள்ளைகள் புண்படுவார்களே என்று தாளின் மூலையில் இலை வரைந்தாள். கெட்டிக்காரர்களுக்குப் பாதாம், நடுத்தரத்துக்கு ஒலிவம், தடுமாறுகிறவர்களுக்கு அத்தி.

இரண்டே நாளில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"ஏய், உனக்கு அத்தி இலையா? அப்ப நீ மரமண்டைதான்!"

மூன்றாவது வாரம் அத்தித் தாள் ஒன்றில் எல்லாமே சரியாக இருந்தது. பெயர் சப்ரீன். இருபதுக்கு நான்கு வாங்கும் பெண். ஆனால் கையெழுத்து முதல் மாணவி உமைமாவுடையது. உமைமா பெயரிட்ட பாதாம் தாளில் சப்ரீனின் கோணல் எழுத்து. அதிலும் பத்தில் எட்டு சரி.

மப்ரூக்கா இருவரையும் கூப்பிட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஏண்டி மாத்திக்கிட்டீங்க?"

சப்ரீன் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அத்தித் தாள்ல ஒரு கணக்குக்குப் பத்து வரி இருக்கு மதாம். வாசிக்கிறதுக்குள்ள மணியடிச்சிருது. பாதாம்ல வெறும் எண்ணும் எக்ஸும்தான். அது எனக்கு வரும்."

"உனக்கென்னடி?" என்று உமைமாவைக் கேட்டாள்.

"எனக்குக் கதை மாதிரி இருந்தாப் பிடிக்கும் மதாம்."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சப்ரீனுக்கு வாசிக்கத் தடுமாறுகிறது என்று இரண்டு வருடமாக எனக்குத் தெரியும். கணக்கு டீச்சரிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

எளிதாக்க வேண்டும் என்றுதான் மப்ரூக்கா ஒவ்வொரு கேள்விக்கும் அத்தனை விளக்கம் எழுதியிருந்தாள். ஆசிரியர் அறையில் ஹரிசா மிளகாய் விழுது தடவிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நஜாத், இவளுக்குக் கணக்கு வரலையா, படிக்க வரலையா? மத்தவங்க கதை என்ன? நான் எதை வெச்சுடீ பிரிச்சேன்?"

மறுபடி பிரித்தாள். வாசிப்பில் மூன்று நிலை, ஒவ்வொன்றுக்குள்ளும் கணக்கில் மூன்று என்று ஒன்பது கட்டு ஆயிற்று. தலைமையாசிரியர் லம்ஜெத் தலையில் கை வைத்தார்.

"ஒம்போது விதமா? அந்த நகல் மெஷின் என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

கடைசியில் இலைகளை விட்டாள். எல்லாருக்கும் ஒரே தாள். ஒவ்வொரு கணக்கும் ஒருமுறை எண்ணாக, ஒருமுறை கதையாக இருக்கும். எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். வியாழக்கிழமைகளில் என் ஓய்வு நேரத்தில் சப்ரீனும் இன்னும் ஐந்து பேரும் அந்தக் கதைக் கணக்குகளை என்னோடு உரக்க வாசித்தார்கள்.

பருவத் தேர்வில் சப்ரீன் பதினொன்று வாங்கினாள். மப்ரூக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கே ஹம்தியின் தாளையும் என்னிடம் நீட்டினாள். எப்போதும் பதின்மூன்று வாங்குகிற, யாருக்கும் தொந்தரவு தராத பையன். இந்தமுறை ஒன்பது.

"நல்லாத்தானே வாசிக்கிறான்?"

"நல்லா வாசிப்பான்."

"கணக்கும் தெரியும். அப்புறம் என்னதான் ஆச்சு?"

இருவரும் எழுந்து அவனைத் தேடி முற்றத்துக்குப் போனோம்.