காலித் தராசில் பத்தொன்பது கிலோ

திண்டுக்கல்லில் எங்கள் வீடு ஒரு தோல் குடோனுக்குப் பின்னால் இருந்தது. அம்மாவின் தம்பியான என் மாமாதான் அங்கே எடை போடுபவர். முதலாளி புதிதாக எலக்ட்ரானிக் தராசும் கம்ப்யூட்டரும் வாங்கியிருந்தார். இரண்டையும் ஒயரால் இணைத்துக் காட்டினால் மாமாவுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வேறு ஆள்.

ஒயரின் நடுவே ஒரு சின்ன டப்பா. அதில் ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் நகர்த்துகிற சுவிட்ச்.

“ஏலே அப்பு, தராசுக்கு அஞ்சு வோல்ட் வயிறுதான். கம்ப்யூட்டர் பன்னெண்டைத் தள்ளும். சுவிட்ச் அஞ்சுலயே இருக்கணும். தொட்டே, கைய ஒடிச்சுருவேன்.”

“பன்னெண்டுதானே மாமா பெருசு?”

“ஒன் வாயில பன்னெண்டு இட்லிய ஒண்ணாத் திணிக்கவா?”

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். வயிற்றுவலி என்று சொல்லி நான் மட்டும் நின்றுகொண்டேன். உப்புத் தடவிய தோல்கள் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. தராசில் ஏறினேன். பத்தொன்பது கிலோ. கம்ப்யூட்டரில் மட்டும் எண் வரவில்லை. சுவிட்சைப் பன்னிரண்டுக்குத் தள்ளினேன். தராசின் வெளிச்சம் ஒருமுறை நடுங்கியது. அவசரமாக ஐந்துக்கே தள்ளிவிட்டுக் கீழே குதித்தேன்.

பத்தொன்பது அப்படியே நின்றது.

தட்டைத் தடவிப் பார்த்தேன். யாருமில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினெட்டரை ஆனது. நான் இறங்கிவிட்டேன், என்னில் ஏதோ ஒன்று இறங்கவில்லை என்று தோன்றியது.

மறுநாள் பதினொன்று. பூஜ்யம் வந்தால் நானும் இருக்கமாட்டேன் என்று நம்பினேன். மூன்று வேளையும் அள்ளித் தின்றேன். வெயிலில் நின்று நிழல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

மாமா ஒயரைக் கழற்றி மாட்டினார், டப்பாவைத் திறந்து பார்த்தார். “அஞ்சுலதானே இருக்கு. நீ ஏதும் தொட்டியாலே?”

தலையை ஆட்டி மறுத்தேன். வாயைத் திறந்தால் எண் இன்னும் வேகமாகக் குறையும் என்று பயம்.

மூன்றாம் நாள் முதலாளி வந்தபோது இரண்டு காட்டியது.

“ஆளில்லாத தட்டுக்கு எடை வருது. என்னத்தப்பா பூட்டி வச்ச? நாளையிலேருந்து வர வேணாம்.”

முதலாளி பிளக்கைப் பிடுங்கினார். எண் அணைந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கையும் காலும் இருந்தன. குடோன் முழுக்க ஓடினேன்.

மறுநாள் மாமா பையோடு கொடைரோட்டுக்கு பஸ் ஏறினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற நான், என்னைக் காப்பாற்றிய முதலாளிக்காக மனதுக்குள் துஆ செய்துகொண்டிருந்தேன்.