மைல்கல்லோடு சண்டை போட்டவர்

ஞானப்பிரகாசம் இறந்த செய்தியைப் பாடசாலை ஓய்வறையில்தான் கேட்டேன். "மாஸ்டர், நம்ம ஹயர் கார் ஞானம் அண்ணன் காலையில தவறிட்டாங்க" என்றார் உடன் கற்பிக்கும் ஆசிரியை. கையிலிருந்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அவரைப் பற்றிக் கோயில் மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி பங்கு மக்கள் கேட்டார்கள். என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

நோர்வூட்டில் வாடகைக் கார் வைத்திருந்த அவரை அறியாதவர்கள் இல்லை. நோயாளி என்றால் எந்தத் தோட்டத்து லயக் குடியிருப்புக்கும் காரைக் கொண்டுபோவார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தான் சொன்னது பிழை என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத மனிதர். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு குடும்பமே விலை கொடுத்தது. அது என் குடும்பம்.

எழுபதுகளில் இறக்குமதி நின்று டயர் கிடைக்காமல் அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவருடைய சின்ன இங்கிலிஷ் காருக்கு ஏற்ற டயர் ஹட்டனிலும் இல்லை, கண்டியிலும் இல்லை. மனிதர் எங்கேயோ கிடந்த பழைய ஜீப்பின் சக்கரங்களைக் கொண்டுவந்து, துளை போட்டு, மட்கார்டின் ஓரத்தை வெட்டி, மாட்டிவிட்டார். "இனிமே எந்தத் தோட்டத்து ரோட்டுலயும் அடியில கல்லுத் தட்டாது" என்று பீற்றிக்கொண்டார். கல் தட்டவில்லைதான். எங்கள் பல்தான் தட்டியது. அந்தக் கனத்த டயரில் ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்புக்கு ஏறியது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசிக் கத்தும். மேட்டில் இழுக்காது, நாங்கள் இறங்கித் தள்ளுவோம். அவர் உள்ளே உட்கார்ந்தபடியே "நல்லாத் தள்ளுங்கப்பா" என்பார்.

அதைவிடக் கூத்து ஒன்று நடந்தது. சக்கரம் மாறிய பிறகு ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் உள்ள தூரம் அவருடைய மீட்டரில் குறைந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் மீட்டரைச் சந்தேகித்திருப்பார்கள். இவர் மைல்கற்களைச் சந்தேகித்தார். "மீட்டர்ல மைலு முடியறதுக்குள்ளயே கல்லு வந்து நிக்குது. வெள்ளக்காரன் குடிச்சுப்புட்டு நட்டிருக்கான்!" என்று கடைவீதியில் நின்று சத்தம் போட்டார்.

"ஞானம் அண்ணே, மீட்டர் சக்கரம் சுத்துறதத்தான் எண்ணும். பெரிய சக்கரம் ஒரு சுத்துல கூடுதல் தூரம் போயிரும். முள்ளு முப்பதுன்னு காட்டுறப்ப கார் அதுக்கு மேலதான் ஓடுது. ஆபத்துண்ணே" என்றேன்.

"மாஸ்டர், ஒங்க கணக்கக் கரும்பலகையில வச்சுக்குங்க. முள்ளு பொய் சொல்லாது." கடைவீதியே சிரித்தது.

அந்தக் காரை அவருக்குச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர் என் அண்ணன் அந்தோணி. ஒரு மழை நாளில் டயகமவிலிருந்து ஞானஸ்நானம் முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். முதலாளி ஞானப்பிரகாசம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "முள்ளு முப்பதக்கூடத் தொடல, மிதிடா" என்று விரட்டியிருக்கிறார். "வண்டி பறக்குற மாதிரி இருக்குதுங்க" என்றாராம் அண்ணன். "பயந்தாங்கொள்ளி, மிதிடா!" அடுத்த முடக்கு வளைவில் கார் சாய்ந்து தேயிலைக்குள் இறங்கியது. பின்னால் இருந்த ஓர் அம்மாவுக்கு இடுப்பு முறிந்தது. அவர் பிறகு கொழுந்து எடுக்கவே போகவில்லை.

பொலிசில் ஞானப்பிரகாசம் சொன்னது இதுதான்: "மீட்டர நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன் சேர். வேகமே இல்ல. பய தண்ணியப் போட்டுட்டு ஓட்டியிருக்கான்." முள் சரி என்றால் மனிதன் பிழையாகத்தானே இருக்க வேண்டும்! அண்ணன் சாராயத்தைத் தொட்டவரே இல்லை. இவருடைய வார்த்தைதான் எடுபட்டது. லைசன்ஸ் போனது. குடிகார டிரைவர் என்ற பெயர் அக்கரப்பத்தனை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. யாரும் அவர் கையில் வண்டியைக் கொடுக்கவில்லை. தோட்டத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பத்திரம் வந்தும் போகமாட்டேன் என்று இருந்தவர், கடைசியில் மனைவி பிள்ளைகளோடு கப்பல் ஏறினார். கோத்தகிரிப் பக்கம் இப்போது மரம் வெட்டுகிறார்.

இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு ஞானப்பிரகாசத்துக்குச் சரியான டயர் கிடைத்தது, ஜீப் சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் காரின் சொந்தச் சக்கரங்களையே மறுபடி மாட்டினார். கொஞ்ச நாளில் கோயில் வாசலில் என்னை மறித்து, "மாஸ்டர், மீட்டரோட ஒத்துப் பாத்தேன், மைல்கல்லு சரியாத்தான் இருக்கு" என்றார், ஏதோ மழை விட்டுவிட்டது என்று சொல்வது போல.

"அப்ப பொலிசுல வந்து அதச் சொல்லுங்க. அண்ணன் பேரு சுத்தமாகட்டும்" என்றேன்.

"இப்ப எதுக்கு மாஸ்டர்? அவன்தான் போயிட்டானே."

அதன் பிறகு அவரோடு நான் பேசவில்லை. அடக்கத்துக்கும் போகவில்லை. அவருடைய கணீர்க் குரலையும் உதவும் மனதையும் மற்றவர்கள் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பேச்சுதான். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. போனவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். அவரால் போக நேர்ந்தவரைப் பற்றியும் யாராவது எழுதத்தானே வேண்டும்?

இந்த மலரில் ஒரு பிரதியைக் கோத்தகிரிக்கு அனுப்பப் போகிறேன். ஞானப்பிரகாசம் கடைசிவரை சொல்லாமல் போனதை, அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: என் அண்ணன் அன்று குடித்திருக்கவில்லை.