சுகத்துக்கா, ஆத்துமத்துக்கா?

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். யாரிடமும் கை நீட்டாமல் வளர்த்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் தலவில புனித அன்னம்மாள் கோயிலுக்குப் போய்வந்ததை நானேதான் எழுதுகிறேன். வாயால் சொல்ல முடியாத ஒன்று அதில் இருக்கிறது.

கடைசி மகன் யூட் கடலுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. அவன் பெண்சாதி டிலானியும் மகள் ஷெரினும் என்னோடு இருக்கிறார்கள். "உன் கோயிலில் மூன்று நாள் என்ன வேலை தந்தாலும் செய்கிறேன், அவனைத் தா" என்று அன்னம்மாளுக்கு நேர்ந்திருந்தேன்.

புறப்படும்போது டிலானி வாசல்வரை வந்தாள்.

"மாமி, பூசைக்குப் பேர் குடுக்கேக்க சுகத்துக்கு எண்டு சொல்லுங்கோ."

உயிரோடு இருப்பவருக்குச் சுகத்துக்கு, செத்தவருக்கு ஆத்துமத்துக்கு. அதை எனக்கு அவள் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இவ்வளவு நாளும் நான் வேற என்ன சொன்னனான்?" என்றேன்.

விடிய ஐந்தரைக்குச் சிலாபத்தில் புத்தளம் பஸ் ஏறினேன். பாலாவிச் சந்தியில் இறங்கி, உப்பளக் காற்றில் முக்கால் மணித்தியாலம் நின்று, கற்பிட்டி பஸ் பிடித்தேன். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்ததும் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் தந்தாள். தலவிலச் சந்தியிலிருந்து ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். ஓட்டியவர் ஒரு முஸ்லிம் தம்பி.

"நேத்தியா அம்மா?"

"ஓம்."

"இந்தக் கச்சான் காத்துல உங்கட மெழுகுதிரி எரிஞ்சா, அதுவே அன்னம்மாள்ட பெரிய புதுமைதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மூன்று நாளில் சிரித்தது அங்கே மட்டும்தான்.

ஒன்பது மணிக்குக் கோயில் வளவுக்குள் போய்ச் சேர்ந்தேன். நல்ல சேலைதான் உடுத்திருந்தேன். எங்கள் ஊரில் பீடத்துக்குப் பூ வைப்பது நான். வேறு யாரையும் கிட்ட விடமாட்டேன். இங்கேயும் அதைத்தான் தருவார்கள் என்று நினைத்தேன். பொறுப்பான சிஸ்டர் சிங்களவர், தமிழை யோசித்து யோசித்துப் பேசினார்.

"பூவுக்கு ஆள் இருக்கு அம்மா. கக்கூஸ் கழுவத்தான் ஆள் இல்ல. மோட்டரும் பழுது, கிணத்துல இருந்து தண்ணி தூக்கணும். ஏலுமா?"

"ஏலும்" என்றேன். ஏலாது என்று சொல்ல ரோசம் விடவில்லை. அன்று முழுக்க ஒவ்வொரு வாளியையும் அன்னம்மாளுக்குக் காட்டிக் காட்டியே ஊற்றினேன். பார், உன் சொல்லைக் கேட்கிறேன், இனி உன் முறை என்று.

இரண்டாம் நாள் பதினொரு மணிபோல ஒரு பஸ் நிறைய யாத்திரிகர் வந்தார்கள். ஒரு பெண் உள்ளேயிருந்து கத்தினாள்.

"ஆச்சி, தண்ணி ஒரு சொட்டு இல்ல. என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? சுணங்காமக் கொண்டாங்கோ."

என்னோடு யாரும் அப்படிக் கதைத்ததில்லை. திருப்பிக் கொடுக்க வாய் வந்தது. ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவளுடைய தாய், பாரிசவாதம் வந்த மனுஷி, சேலையிலேயே மலசலம் எல்லாம் போய் நிலத்தில் இருந்தாள். மகள் ஒருத்தியால் தூக்க முடியவில்லை. நான் குனிந்தேன். அந்த மனுஷி நல்லாயிருக்கும் கையால் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கழுவி, துடைத்து, என் மாற்றுச் சேலையை உடுத்திவிட்டேன்.

அவர்கள் போனபிறகு கிணற்றுக்கட்டில் இருந்தேன். அவ்வளவு நேரமும் நான் அன்னம்மாளிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மனதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. யூட் இனி வரமாட்டான் என்பது படகு திரும்பாத முதல் இரவே எனக்குத் தெரியும். அது காதில் விழாதபடி இரண்டு வருடம் கடவுளிடம் கத்திக்கொண்டிருந்தேன். கத்தல் நின்றதும் அது பக்கத்தில் வந்து நின்றது. கடவுள் ஆறுதலோடு வருவார் என்பார்கள். என்னிடம் வெறுங்கையோடுதான் வந்தார்.

பின்நேரம் பூசைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றேன். பெயர் எழுதிய சாமியார் கேட்டார்.

"சுகத்துக்கா, ஆத்துமத்துக்கா?"

பின்னால் நின்ற ஒருவர், "கெதியாச் சொல்லுங்கோ ஆச்சி" என்றார்.

"ஆத்துமத்துக்கு."

"பேர்?"

"யூட்."

பூசையில் செத்தவர்களின் பெயர்களோடு அவன் பெயரும் வாசிக்கப்பட்டது. எனக்கு அழுகை வரவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் நான் நின்றிருக்கத் தேவையில்லை. கேட்டதை நானே விட்டுக்கொடுத்துவிட்டேன், நேர்த்தி முறிந்துபோயிற்று. முதல் பஸ்ஸுக்கே போயிருக்கலாம். "போறீங்களா அம்மா?" என்று சிஸ்டரும் கேட்டார். வாளி எங்கே என்று கேட்டேன். அன்று ஒருவருக்கும் காட்டாமல் ஊற்றினேன். சந்தோஷம் என்று எழுதினால் பொய். வாளியின் மறுபக்கத்தை யாரோ பிடித்திருப்பது போல இரண்டொரு தரம் தோன்றியது. தோன்றியதுதான், சத்தியம் பண்ணமாட்டேன்.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். தலவிலக் கோயிலுக்கு வருகிறவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி எழும்பிப் போக இடமில்லை, அவன் வருவான் என்று காத்துக்கொண்டே இருக்கிறோம். டிலானி கேட்டில் நின்றாள்.

"சுகத்துக்கு எண்டு சொன்னீங்கதானே மாமி?"

"சாப்பிட என்ன இருக்கு?" என்று உள்ளே போய்விட்டேன். ஒரு கிழமையாக அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஷெரின், நீ நல்லாத் தமிழ் வாசிப்பாய். அம்மாவைக் கூப்பிட்டு என் பக்கத்தில் இருத்து. அவள் கையை நான் பிடித்துக்கொள்கிறேன். பிறகு முதலில் இருந்து வாசித்துக் காட்டு, பிள்ளை. ஆறுதலாக வாசி, ஒன்றையும் விடாதே.