சாக்கோட்டையில் கை நனைத்த கதை

சென்ற மாசி மாதம் என் தம்பி சுந்தரத்துக்குப் பெண் பேசி முடிப்பதற்காகத் திருச்சியிலிருந்து சாக்கோட்டைக்குப் போய் வந்தேன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. என் மனைவியும் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஆகவே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்ற பட்டம் முப்பத்தைந்து வயதிலேயே என் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு வழியும் செலவும் தெரியட்டும் என்றுதான் எழுதத் தொடங்கினேன். ஆனால் வழியைச் சொன்னால் என் வயிற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

எட்டு மாதமாக நான் உப்பு, புளி, மிளகாய், காப்பி நான்கையும் விட்டவன். அதற்கு முன் இரண்டு வருஷம் வயிற்று வலியில் புழுவாய்த் துடித்தவன். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தேன்; என்னை வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இயற்கை வைத்தியத்தில் பற்றுள்ள நண்பர் ஒருவர் சொல்லி, ஊறவைத்த பயறு, தேங்காய், பழம், உப்பில்லாக் கஞ்சி என்று மாறினேன். மூன்றே மாதத்தில் வலி போன இடம் தெரியவில்லை! அதிலிருந்து கண்டவர்களையெல்லாம் நிறுத்திவைத்து உப்பின் தீமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யத் தொடங்கினேன். தெருவில் என் தலை தெரிந்ததும் சிலர் சந்துக்குள் நழுவியதையும் சொல்லிவிடுகிறேன்.

காலை ஆறரைக்கு ரயில். புதிதாகப் போட்ட பாதை. புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்கு ஐம்பத்தாறு மைல். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு ரூபாய் இரண்டணா கொடுத்தோம். முன்பு மாட்டு வண்டியில் எலும்பு நொறுங்கப் போய்ச் சேர வேண்டிய ஊர், இப்போது மூன்று மணி நேரத்தில் ஜன்னலோரமாக வந்துவிடுகிறது. எனக்கிருந்த குதூகலத்தில் வண்டி நின்ற இடமெல்லாம் இறங்கி இறங்கி ஏறினேன். சுந்தரம்தான் வாயே திறக்கவில்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்ததிலிருந்து, வந்த ஜாதகங்களையெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தவன் அவன். புதுக்கோட்டையில் மட்டும், “அண்ணே, நல்லபடியா முடிஞ்சிடுமா?” என்று கேட்டான். “நான் வரும்போது உனக்கென்னடா கவலை?” என்றேன்.

காரைக்குடியில் இறங்கியதும் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியாமல் திண்டாடினேன். ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக வீடுகள்! மெருகேற்றிய சுவரில் முகம் தெரிகிறது. ஒரு வீட்டு வாசலில் பர்மாத் தேக்கு மரத்தை இரண்டு ஜோடி மாடுகள் இழுத்துக்கொண்டிருந்தன. கடைத்தெருவில் ஓர் அம்மாள் வெள்ளைப் பணியாரம் சுட்டுக் காரச் சட்டினியோடு இலையில் வைத்துக்கொண்டிருந்தார். சுந்தரம் அங்கே கொஞ்சம் நின்றான். நான் அவன் கையில் இரண்டு வாழைப்பழத்தைக் கொடுத்து நடக்கச் சொன்னேன்.

சாக்கோட்டை அங்கிருந்து ஆறு மைல். ஜட்காவுக்கு எட்டணா. வண்டிக்காரர் காசிம் ராவுத்தர் பேச்சுக்குப் பேச்சு கொடுக்கிறவர். நான் உப்பைப் பற்றித் தொடங்கியதும் குதிரையை மெதுவாக விட்டார்.

“நெசமாவே உப்பில்லாமத்தேன் இருக்கீகளா? நாங்க நோம்பு இருந்தாலும் பொழுதடஞ்சா உப்புப் போட்ட கஞ்சியத்தேன் குடிப்போம்.”

“உப்பு உடம்புக்கு விஷம், ராவுத்தரே!”

“அது இருக்கட்டும். பொண்ணு பேசத்தான வாரீக? அங்குட்டுப் போயி இந்தப் பேச்ச எடுத்துராதீக. பேசி முடிச்சு, கை நனைக்காம எந்திரிச்சா சம்பந்தம் வேணாம்னு அர்த்தம்.”

கை நனைப்பதென்றால் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. பேச்சு முடிகிற வரையில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடக் கூடாது; முடிந்த பிறகு சாப்பிடாமல் வரக் கூடாது. எனக்குத் தெரியாத வழக்கமா? பக்குவமாக எடுத்துச் சொன்னால் யாரும் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

பெண்ணின் தகப்பனார் வெள்ளைச்சாமி, கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிற விவசாயி. மனைவி அங்கம்மாள். ஒரே மகள் வள்ளி. அரை மணி நேரத்தில் பேச்செல்லாம் ஒத்துவந்தது. கூடத்தில் இலை போட்டார்கள். அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. “எனக்கு இலை வேண்டாம், கொண்டுவந்திருக்கிறேன்” என்று துணிமூட்டையை அவிழ்த்து, ஊறின பயறை எடுத்து வைத்தேன்.

வெள்ளைச்சாமி பயறையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “சோத்துக்கு வழியில்லாத வீடுன்னு ஆரும் சொன்னாகளா?” என்றார்.

வயிற்று வலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பெண் பேச வந்த இடத்தில் நோய் என்றால் பரம்பரை நோயோ என்று சந்தேகப்படுவார்களே என்று பயந்து, பிரசங்கத்தைத் தொடங்கினேன். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது. “பழம் சாப்பிட்டால் கை நனைத்ததாகாதா?” என்று கடைசியில் கேட்டேன்.

“பழத்த வழிப்போக்கனுந்தேன் திம்பான். எங்க உப்பத் தின்னாத்தேன் எங்க பிள்ளைய நீங்க நல்லா வச்சிருப்பீகன்னு நாங்க நம்ப முடியும்.”

சுந்தரத்தைப் பார்த்தேன். இலைமுன் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவும் முடியாமல், சாப்பிடவும் முடியாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். எனக்கோ பழைய வலி நினைவுக்கு வந்தது. பயம்தான், வேறென்ன! பயறு மூட்டையைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பருப்பும் நெய்யும், கத்திரிக்காய்க் குழம்பும், அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்துச் செய்கிற வெண்டைக்காய் மண்டியும், பருப்பும் வெல்லமும் சேர்த்துக் கிளறிய உக்காரையும் வந்தன. முதல் கவளத்திலேயே நாக்கின் ஓரமெல்லாம் ஊறி, காது வரைக்கும் ருசி ஏறியது. அடடா, எட்டு மாதம்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்க் காரம் என்று துடைத்துக்கொண்டு திரும்பினால், சுந்தரம் மூன்றாவது தடவையாகக் குழம்பு கேட்டுக்கொண்டிருக்கிறான். வீட்டில் எனக்கு வைத்த உப்பில்லாக் கஞ்சியைத்தான் அவனும் குடித்துவந்தான். அண்ணன் கஷ்டப்படும்போது தான் மட்டும் ருசியாகச் சாப்பிடக் கூடாதென்று நினைத்தானோ என்னவோ, ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவனுக்கும் அது பிடித்துப்போய்விட்டதாக நானும் ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

வெள்ளைச்சாமி குளிர்ந்துவிட்டார். அங்கம்மாள் மட்டும் ஏதோ யோசனையிலேயே இருந்தார். “வெயில் தாழக் கோயிலுக்குப் போயிட்டு வாங்க, பிறகு பேசுவோம்” என்றார். அந்த ஊர்ச் சிவன் கோயிலை அவசியம் பாருங்கள். எட்டு மாதமாக எந்தக் கோயிலுக்குப் போனாலும் பிரசாதத்தில் உப்பிருக்குமோ, புளியிருக்குமோ என்பதுதான் என் தியானம். சாமி முன்னால் நின்று என் வயிற்றைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று தம்பிக்காக வேண்டிக்கொண்டேன். வேறு நினைப்பே வரவில்லை. மனசு லேசாகி, பிரகாரத்தை மூன்று தடவை வேகமாகச் சுற்றினேன்.

நெஞ்செரிச்சலும் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பத்தியத்தால் குணமானவர்கள் அதை விட்டுவிடாதீர்கள். நானும் ஊர் திரும்பியதும் கஞ்சிக்கே போய்விட்டேன், வலியும் தலைகாட்டவில்லை. ஆனால் விருந்துக்குப் போகுமுன் ஒரு கார்டு போட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள். இலைமுன் உட்கார்ந்து பிரசங்கம் வேண்டாம். பணியாரத்தைக் காலையிலேயே சாப்பிடுங்கள், ஆறினால் பிரயோஜனமில்லை. திரும்புகிற ஜட்காவை முன்னதாகப் பேசி நிறுத்திவையுங்கள். பொழுது சாய்ந்தால் எட்டணா பன்னிரண்டணா ஆகிவிடும்.

கோயிலிலிருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு திரும்பிய என்னைப் பார்த்ததுமே அங்கம்மாள் என் வயிற்றுக் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று இரண்டு வருஷக் கதையையும் சொன்னேன். சீரகத் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் தூணருகே நின்று கேட்டார்:

“கோவிச்சுக்கிராதீக. எம்மக ஆசையாத் திங்கிறவ. உங்க வீட்டுக்கு வந்து அவளும் உப்பில்லாமத்தேன் திங்கணுமா?”

சுந்தரம் என் முகத்தைப் பார்த்தான். காலையில் கேட்டிருந்தால் உப்பின் தீமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

“அம்மா, இத்தனை நாள் என் தம்பியை அப்படித்தான் வாட்டிவிட்டேன், பாவம். இனிமேல் எங்கள் வீட்டு அடுப்பு உங்கள் மகள் கையில். எனக்கு ஒரு சின்னச் சட்டியில் தனியாக நானே காய்ச்சிக்கொள்வேன்” என்றேன்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து வள்ளியின் குரல் வந்தது. “தனிச் சட்டி எதுக்கும்மா? அவுகளுக்கு மொதல்ல எடுத்து வச்சிட்டு, மிச்சத்துல உப்புப் போட எம்புட்டு நேரமாகும்னு கேளுங்க!”

வெள்ளைச்சாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். அங்கம்மாளின் முகமும் மலர்ந்தது. “அப்பப் பங்குனியிலயே வச்சுக்குவமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பெரியவர் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியவன் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் சுந்தரம் “சரி” என்று சொல்லிவிட்டான்!