வாய் வைத்த அகப்பை

எங்கள் குசினியில் ஒரு சிரட்டை அகப்பை கிடக்கிறது. அதன் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். மாமியின் உதடு பட்டுப் பட்டுத் தேய்ந்தது என்றே நான் நம்புகிறேன். சட்டியின் அடியில் உரசித் தேய்ந்தது என்பார் என் கணவர். அவர் தாயின் பிள்ளை, வேறென்ன சொல்வார்? கலியாணம் முடிந்து திரியாய்க் கிராமத்திலிருந்து நான் துறைமுகத்தடியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், முதல் மாரி மழையன்று, மாமி கிழங்குச் சூப் வைத்தார். கரட், பீற்றூட், உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாம் ஒன்றாகக் கொதித்தன. உள்ளியும் மிளகும் சேர்ந்து எழுந்த வாசனையில் எனக்கு வாயூறியது. அப்போதுதான் மாமி அகப்பையால் கோரி, ஊதி, வாயில் வைத்து உறிஞ்சினார். மிச்சத்தைச் சட்டிக்குள் விட்டு, அதே அகப்பையால் ஒரு கிண்டு கிண்டினார்.

“உப்புக் காணாது பிள்ளை.”

நான் பிறந்த வீட்டில் உப்புப் பார்ப்பதென்றால் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்குவோம், கையைக் கழுவிவிட்டுத்தான் அகப்பையைத் தொடுவோம். எச்சில் என்றால் எச்சில்தான், மாமியாருடையது என்பதால் அது தீர்த்தமாகிவிடாது. மாமி உப்புப் போட்டார், மறுபடி கோரினார், மறுபடி உறிஞ்சினார். தேங்காய்ப்பால் விட்ட பிறகும் ஒருமுறை. பீற்றூட்டின் சிவப்பு உதட்டில் ஒட்டியிருக்க, நாடியில் வழிந்த பாலைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு கோப்பை நிறைய வார்த்துத் தந்தார். என் கணவர் எதிர்க் கதிரையில் இருந்து கண்ணை மூடிக் குடித்தார். “மழைக்கு என்ன இதமாயிருக்கு!” என்றார். நான் கோப்பையோடு பின்பக்கம் போய் வாழையடியில் ஊற்றினேன். இந்த ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று குப்பை மேய வந்து, அதை முகர்ந்து பார்த்துவிட்டு அப்பால் போனது. அந்த மானின் மேல் எனக்கு மதிப்பு வந்தது.

அந்தச் சூப்புக்குத் தெருவில் நல்ல பெயர். யாருக்காவது காய்ச்சல் என்றால் மாமி ஒரு தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புவார். “உங்கட மாமியின்ர கைருசி ஒருத்தருக்கும் வராது” என்று அயல்வீட்டுப் பெண்கள் சொல்லும்போது, அது கையின் ருசி இல்லை என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வரும். நான் சும்மா இருக்கவில்லை. அடுப்பருகே ஒரு சின்னக் கரண்டி வைத்தேன், மாமி அதால் தேத்தண்ணிக்குச் சீனி கலக்கினார். இன்னோர் அகப்பை வாங்கி வைத்தேன், இரண்டிலும் வாய் வைத்தார். கடைசியில் கணவரிடம் சொன்னேன்.

“நீர் ஏன் இதைப் பெரிசாக்கிறீர்? அம்மா தானே,” என்றார் அவர்.

“உங்களுக்கு அம்மா. எனக்கு எச்சில்,” என்றேன்.



காரணத்தை மாமியே ஒருநாள் சொன்னார். மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தோம். அவர் பிறந்தது இலங்கைத்துறையில். அரிசி கிடையாத ஒரு காலத்தில் தோண்டியெடுத்த கிழங்கைத்தான் எல்லோரும் அவித்துத் தின்றார்களாம். பக்கத்து வீட்டில் கசப்பேறிய கச்சல் மரவள்ளி தின்ற இரண்டு பிள்ளைகள் வாந்தியெடுத்து, விடியமுதல் செத்துப்போனார்கள். “அந்தத் தாய் உப்பும் பாக்கேல்லை, ஒண்டும் பாக்கேல்லை. பிள்ளையளுக்குத்தான் முதல் குடுத்தவ,” என்றார் மாமி. அன்றிலிருந்து எந்தக் கிழங்கானாலும் வேகும்போதே தான் வாய் வைத்துக் கசக்கிறதா என்று பார்ப்பாராம். சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்ப்பாராம். மரவள்ளியோடு சேர்ந்தால் நஞ்சாகும் என்று இஞ்சியை அந்தச் சட்டிக்குக் கிட்டவும் விடமாட்டார். கேட்டபோது எனக்கு மனம் கனத்தது. அருவருப்பும் போய்விடும் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை. கசப்பைப் பார்க்க ஒரு சொட்டுப் போதும், மிச்சத்தை ஏன் சட்டிக்குள் விடவேண்டும்? அதை மாமியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாழைக்கு ஊற்றுவதையும் நான் நிறுத்தவில்லை.

இப்போது மாமி முன்னறைக் கட்டிலில் கிடக்கிறார். கிணற்றடியில் விழுந்தபிறகு எழும்பவில்லை. ஞாபகமும் கலைந்துவிட்டது, மகனைப் புருசனின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இந்த மாரி தொடங்கியதும் சாப்பாட்டையும் விட்டுவிட்டார். கஞ்சி, பால், தேத்தண்ணி எதைக் கொண்டுபோனாலும் பல்லை இறுக்கிக்கொள்வார். டொக்டர் வந்து பார்த்துவிட்டு, நாளைக்கும் இப்படியென்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாங்கோ, மூக்கால் குழாய் விடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியின் புருசன், என் மாமா, கடைசியில் அப்படித்தான் கிடந்தார். குழாயைப் பிடுங்குகிறார் என்று கட்டிலோடு கையைக் கட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று, “எனக்கு மட்டும் இதைச் செய்யவிடாதை பிள்ளை,” என்று மாமி கேட்டது மகனிடம் இல்லை, என்னிடம்.

இன்று கணவர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும்போது, “எப்பிடியாவது ஒரு வாய் குடுத்துப் பாரும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கிழங்குச் சூப் வைத்தேன். நஞ்சு போகட்டும் என்று மரவள்ளியை மூடாமல் அவித்து முதல் தண்ணீரைக் கொட்டினேன். மற்றக் கிழங்குகளோடு சேர்த்து மசித்துப் பால் விட்டு, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு உப்புப் பார்த்தேன். சுத்தமான கோப்பை, சுத்தமான கரண்டி. மாமி வாயைத் திறக்கவில்லை. கோப்பையையே பார்த்தார்.

“ஆர் பாத்தது?”

பல நாளுக்குப் பிறகு வந்த பேச்சு.

“நான்தான் மாமி. கையில விட்டுப் பாத்தனான்.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

குசினிக்குப் போய்ச் சட்டியையும் அந்த அகப்பையையும் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலருகே கதிரையில் வைத்தேன். மாமி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கோரினேன், ஊதினேன். தேய்ந்த அந்த ஓரம் என் உதட்டில் பட்டபோது உடம்பு கூசியது. கண்ணை இறுக்கிக்கொண்டு உறிஞ்சி விழுங்கினேன். மிச்சத்தை என்ன செய்வதென்று கை நடுவில் நின்றது.

“சட்டிக்குள்ளை விடு,” என்றார் மாமி.

விட்டேன். கிண்டினேன். பிறந்ததிலிருந்து நான் செய்யாத வேலை. “கசக்கேல்லை மாமி,” என்றேன். மாமி வாயைத் திறந்தார். அந்த அகப்பையாலேயே கொடுத்தேன். பாதி நாடியில் வழிந்தது, பாதி உள்ளே போனது. நடுநடுவே நிறுத்தி அகப்பையை என் பக்கம் தள்ளினார். அவர் வாய் வைத்த அகப்பையில் நானும் வாய் வைத்துக் காட்டினால்தான் அடுத்த வாய். ஒவ்வொரு முறையும் குமட்டியது. ஒவ்வொரு முறையும் விழுங்கினேன். ஒரு கோப்பையளவு குடித்துவிட்டு மாமி நித்திரை கொண்டார்.

பொழுதுபட, கணவர் மழையில் நனைந்து வந்தார். தாய் குடித்ததைக் கேட்டதும் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு அவரின் காலைத் தடவிக்கொண்டேயிருந்தார். பிறகு குசினிக்கு வந்து, சட்டியில் கிடந்த மிச்சத்தைத் தானே சூடாக்கி வார்த்துக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“அம்மா வைச்ச மாதிரியே இருக்கு. நீர் வைச்சு ஒருநாளும் இப்பிடி வரேல்லை. என்னத்தைப் போட்டனீர்?”

“ஒண்டும் போடேல்லை,” என்றேன்.

நான் அகப்பையைச் சவர்க்காரம் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவிக்கொண்டு நின்றேன். தேய்ந்த ஓரத்தை மட்டும் இன்னொருமுறை தேய்த்துக் கழுவினேன். பிறகு, காலையில் மறுபடி வேண்டுமே என்று, அதை அடுப்பருகிலேயே வைத்தேன்.