கேதகி போட்ட சோறு

கரதோயா ஆற்றங்கரையில், ஊருக்கு எதிர்ப்புறம், தீண்டக்கூடாதவர்கள் என்று டோம்பர் சாதிக்கு ஒதுக்கிவிட்ட மேட்டில் பிறந்தவள் கேதகி. மூங்கில் பிளந்து முறமும் கூடையும் முடைவாள், பன்றி வளர்ப்பாள். வாய் இருக்கிறதே, அப்பப்பா! ஆனால் அந்த வாயும் ஊருக்குள் போனால் அடங்கிவிடும். தன் நிழல்கூட யார்மேலும் படாமல் ஓரமாகவே நடந்து பழகியவள்.

ஒருநாள் காலையில் அவள் வாசலில் விமலாங்குரர் வந்து நின்றார். பௌத்த விகாரையின் பெரிய பண்டிதர். ராஜாவே எழுந்து நின்று கும்பிடுகிறவர்.

"அம்மா, பசிக்குது. உங்க கையால சோறு போடுங்க."

கேதகி பதறிப் பின்வாங்கினாள். "ஐயோ சாமி, உங்களைக் கெடுத்த பாவம் எனக்கெதுக்கு? போயிருங்க!"

"உசந்தது தாழ்ந்தது கிடையாது, எல்லாம் ஒரே ருசின்னு இருபது வருஷமா பாடம் சொல்றேன். நேத்து உங்ககிட்ட முறம் வாங்கறப்ப விரல் படாம எட்டிப் பிடிச்சேன். சொன்னதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சுன்னு அப்பத்தான் உறைச்சுது."

உச்சிவெயில் ஏறியும் மனிதர் நகரவில்லை. வேறு வழியில்லாமல் பழைய சோறும் கருவாடும் வைத்தாள். ஒரு வாய்தான். வேலியோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

வந்ததே கோபம் அவளுக்கு! "எங்க சோறு அவ்வளவு கேவலமாப் போச்சா?"

"மனசு ஒத்துக்குது தாயே, வயிறுதான் ஒத்துக்க மாட்டேங்குது. நாளைக்கும் வரட்டுமா?" என்றார். கண்ணெல்லாம் நீர்.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். "ஏண்டி, உன் சமையலுக்கு அது சரியான மரியாதைதான்!" என்று அண்ணிக்காரி சிரித்தாள். கேதகிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழாம் நாள் சொல்லிவிட்டாள். "சாமி, இன்னைக்கும் தங்கலன்னா இனிமே வராதீங்க. ஊருக்குள்ள அருவருத்தாங்க, பொறுத்துக்கிட்டேன். என் வாசல்லயே வந்து அருவருத்தா எங்க போவேன்?"

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எதிரே தன் இலையில் ஒரு வாய் தின்ற கேதகி மீதியை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கவளமாக இறங்கியது. கடைசியில் நிமிர்ந்து கேட்டார்: "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

பானை காலி. அவள் தின்று வைத்த இலையில்தான் மிச்சம் இருந்தது. அவள் தடுப்பதற்குள் அதை இழுத்து, அந்த எச்சில் சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். இப்படியும் ஒரு மனுஷனா! கேதகி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் விகாரைக்குத் திரும்பவே இல்லை. மேட்டிலேயே முறம் முடைந்து வாழ்ந்தார். பெயர் பரவி, எங்கெங்கிருந்தோ பண்டிதர்கள் உபதேசம் கேட்டு வந்தார்கள். "என் குரு அதோ, அந்த அம்மா. அவங்களைக் கேளுங்க" என்பார்.

நரைத்த தலையை நிமிர்த்திக் கேதகி எல்லோரிடமும் ஒன்றேதான் கேட்பாள்: "முதல்ல ஒரு வாய் சாப்பிடுறீங்களா?"

பாதிப் பேர் அதோடு ஊருக்குத் திரும்பும் படகைப் பார்த்து நடந்துவிடுவார்கள்.